எருமப்பட்டியில் கேட்ட ஒற்றைக் கொம்பு

நாமக்கல்லில் துறையூர் செல்லும் பேருந்தில் ஏறினால், இடப்பக்கத்துச் சன்னலோரம் பார்த்து அமர்ந்து கொள்ளுங்கள். நகரத்து லாரிப் பட்டறைகளின் சுத்தியல் ஓசையும் கோழிப் பண்ணைகளின் வாடையும் பின்தங்கியதும் கொல்லிமலை தென்படும். அதன்பிறகு அம்மலை உங்களை விட்டு அகலாது. பேருந்து வளையும்போதெல்லாம் அதுவும் சற்றே தோள் திருப்பி உடன் வரும். சோளக் கொல்லை, நிலக்கடலைக் காடு, மரவள்ளி, இவற்றுக்கிடையே சின்ன வெங்காயம் காயும் களங்கள். அந்தக் காரமான மணம் மூக்கில் ஏறும் வேளையில் நடத்துநர் “எருமப்பட்டி இறங்குங்க” என்று குரல் கொடுப்பார்.

1997ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை இவ்வூரும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. சுற்றிலும் உள்ள சிற்றூர் மக்களுக்குச் சந்தையும் கடைத்தெருவும் இதுதான். பெயரிலேயே கால்நடைப் பட்டி இருக்கிறது. சுற்றுலா வழிகாட்டி நூல்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்கினாலே அதிகம். மலைக்குப் போகிறவர்கள் சேந்தமங்கலம் வழியாக, எழுபது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறிவிடுகிறார்கள். நானும் பல்லாண்டுகளாக இவ்வூரைக் கடந்து சென்றவனேயன்றி இறங்கியவன் அல்லன். என்னை இறக்கிவிட்டவன் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன்.

நான் மாலை நேர மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன். ஒரு நாள் மறுமையின் அடையாளங்களைப் பற்றிச் சொல்லிக் கொண்டிருந்தேன். ‘ஸூர்’ ஊதப்படும் என்ற இடம் வந்தது. அஸ்ஸுமர் அத்தியாயத்தின் 68ஆவது வசனம் இருமுறை ஊதப்படுவதைக் கூறுகிறது. நம் மொழிபெயர்ப்பாளர்களில் சிலர் இச்சொல்லை ‘எக்காளம்’ என்பர். சிலர் ‘குழல்’ என்பர். சிலர் ‘ஸூர்’ என்றே விட்டுவிடுவர். கிராமவாசி ஒருவர் ஸூர் என்றால் என்ன என்று கேட்டபோது, அது ஊதப்படும் ஒரு கொம்பு என நபி (ஸல்) அவர்கள் விளக்கிய செய்தி திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. அதையே நானும் சொல்லி, “கொம்பு” என்று கரும்பலகையில் எழுதினேன்.

முன்வரிசையில் இருந்த அச்சிறுவன் எழுந்தான். மேல்வரிசைப் பல் இரண்டும் விழுந்திருந்த வாயோடு, “ஹஜ்ரத், கொம்பு எப்படிச் சத்தம் போடும்?” என்று கேட்டான்.

இருபது ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்தி வருகிறேன். கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டமும் பெற்றவன். முரசும் கொம்பும் முழங்கப் படை புறப்பட்டது என்று தேர்வுத்தாள்களில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஆனால் ஒரு கொம்பின் ஓசையை நான் ஒருநாளும் செவியுற்றதில்லை. “பெரிய சப்தமாக இருக்கும்” என்று சொல்லிச் சமாளித்தேன். பையன் உட்கார்ந்துவிட்டான். ஆனால் நான் சொன்னதை அவன் நம்பவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

எருமப்பட்டியில் வெங்காய வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரிடம் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் சிரித்தார். “ஹஜ்ரத், இதற்கு ஏன் கவலைப்படுகிறீர்கள்? பங்குனியில் எங்கள் ஊர்ப் பக்கம் வாருங்கள். திருவிழா ஊர்வலம் என் கடை வாசல் வழியாகத்தான் போகும். கொம்பு ஊதுகிற பெரியவர் என் பட்டறைக்குப் பின்தெருவில் இருப்பவர்தான்” என்றார்.

போவதா, வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இசைக்கருவிகள் குறித்து நம் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மறுப்பவர்களின் ஆதாரங்களை நான் அறிவேன். அனுமதிப்போர் சொல்வதையும் படித்திருக்கிறேன். அந்த விவாதத்தை இங்கே திறக்கப் போவதில்லை. நான் போனது வழிபாட்டில் கலந்து கொள்ளவும் அன்று, கேளிக்கைக்கும் அன்று. கற்பிக்கும் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் இருபது ஆண்டு கற்பித்த வெட்கத்தினால் போனேன். இதைக் கண்டித்து ஆசிரியருக்குக் கடிதம் எழுத நினைக்கும் அன்பர்கள் கட்டுரையை இறுதிவரை படித்துவிட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை. அஸர் தொழுகைக்குப் பின் நண்பரின் கடைத் திண்ணையில் இடம் பிடித்தேன். பின்னால் மூட்டை மூட்டையாக வெங்காயம். எதிரே தேநீர்க் கடை. தூரத்தில் பம்பையும் தப்பட்டையும் அதிர்வது முதலில் கேட்டது. அது பழகிய ஓசைதான். அதன் மேல், அடிவயிற்றிலிருந்து கிளம்பியது போல் ஒரு நீண்ட ஒலி எழுந்தது. முதலில் கனத்த ஒற்றை ஒலி. பிறகு அதுவே ஒரு படி தாவி மேலே ஏறியது. இன்னொரு தாவல். உச்சியில் சற்றே நடுங்கி நின்று, சட்டென்று அறுந்தது. திண்ணையோரம் கட்டியிருந்த ஆட்டுக்குட்டி இரு காதுகளையும் விறைத்துக் கொண்டது. மெய்யாகச் சொல்கிறேன், என் கை மயிர்களும் எழுந்து நின்றன.

ஊர்வலம் திருப்பத்தில் தெரிந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர் முன்னே வந்தார். தலையில் துண்டுக் கட்டு. கையில், வானத்தை நோக்கி வளைந்தெழுந்த பித்தளைக் கொம்பு. வாய்ப்பக்கம் விரலளவு மெலிந்து, நுனியில் ஊமத்தம் பூப்போல் விரிந்திருந்தது. வளைவு தொய்ந்துவிடாதபடி குறுக்கே ஒரு கம்பி. கன்னங்கள் இரண்டும் எலுமிச்சம்பழத்தை அடக்கியவை போல் உப்ப, கழுத்து நரம்புகள் புடைக்க ஊதினார். ஊதி முடித்ததும் கொம்பைத் தாழ்த்தி, இரண்டடி நடந்து, மூச்சு வாங்கி, மீண்டும் உயர்த்தினார்.

கொம்பு எப்படி ஒலிக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்காகப் பின்னர் குறித்து வைத்துக் கொண்டேன். உங்களுக்கும் சொல்கிறேன். நாகஸ்வரத்தில் சீவாளி உண்டு. நாணலால் ஆன அந்தச் சீவாளி துடிப்பதால் ஒலி பிறக்கிறது. கொம்பில் சீவாளி இல்லை. ஊதுபவரின் உதடுகளே சீவாளி. இறுக்கிய உதடுகளுக்கிடையே மூச்சைப் பீறிடச் செய்தால் உதடுகள் அதிரும். அந்த அதிர்வை உள்ளே அடைபட்டுள்ள காற்று வாங்கிப் பெருக்கும். விரல் வைக்கத் துளையும் இல்லை. ஆகவே ஏழு சுரங்களையும் வரிசையாக இசைக்க இயலாது. உதட்டை மேலும் இறுக்கினால் ஒலி அடிநிலையிலிருந்து நேரே மேல் ஸ்தாயிக்குத் தாவும். இன்னும் இறுக்கினால் அங்கிருந்து பஞ்சமத்துக்கு. காவல்துறை அணிவகுப்பில் ஊதும் பியூகிளும் இதே முறையில்தான் ஒலிக்கிறது. படிக்கட்டே இல்லாத மாடிக்குத் தாவித் தாவி ஏறுவது போன்ற அந்த ஓசைக்குக் காரணம் இதுதான்.

ஊர்வலம் பள்ளிவாசல் தெரு முனையை நெருங்கியபோது மஃரிப் வேளை. பாங்கு ஒலிக்கத் தொடங்கியது. பெரியவர் உயர்த்திய கொம்பை ஊதாமலே இறக்கித் தோளில் சாய்த்துக் கொண்டார். தப்பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. பின்னால் வந்த இளைஞன் ஒருவன் பொறுமையிழந்து ஏதோ முணுமுணுத்தான். பெரியவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். எழுதி வைத்த விதியேதும் இல்லை, எங்கள் அத்தா காலத்திலிருந்து இப்படித்தான் என்றார் நண்பர். பாங்கு முடிந்ததும் ஓசையின்றிப் பள்ளிவாசலைக் கடந்து, அப்பாலுள்ள புளியமரத்தடி சென்ற பிறகே வாத்தியங்கள் மீண்டும் தொடங்கின. பள்ளிவாசல்கள் முன்பு இதே வாத்தியப் பிரச்சினையால் எத்தனை ஊர்களில் இரத்தம் சிந்தியிருக்கிறது என்பதை வரலாறு படித்தவன் என்ற முறையில் நான் அறிவேன். அதனால்தான் அந்த ஒரு பார்வை எனக்கு மறக்கவில்லை.

பாங்கு கேட்டு நிற்கையில் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மதீனாவில் முஸ்லிம்கள் தொழுகைக்கு நேரம் அறிந்து கூடுவதற்கு ஒரு வழி தேடிய செய்தியை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். கிறிஸ்தவர்களைப் போல் மணி அடிக்கலாம் என்றனர் சிலர். யூதர்களைப் போல் கொம்பு ஊதலாம் என்றனர் சிலர். ஒரு மனிதரை அனுப்பி அழைக்கச் செய்யலாமே என்றார்கள் உமர் (ரலி). எழுந்து அழைக்குமாறு பிலால் (ரலி) அவர்களுக்குக் கட்டளை பிறந்தது. ஸஹீஹ் புகாரியில் உள்ள இந்த நிகழ்ச்சியை நீங்களும் படித்திருப்பீர்கள். கொம்பு எத்தகையது என்று தெரியாதவரை, அதை விடுத்து மனிதக் குரல் தேர்ந்தெடுக்கப்பட்டதன் நுட்பம் எனக்குப் பிடிபட்டதில்லை. கொம்பு உடலை உலுக்கி எழுப்புகிறது. ஆனால் எதற்காக எழுந்தோம் என்று அது சொல்வதில்லை. திருமணமா, சாவா, சண்டையா என்பதை நாமாகத்தான் ஊகித்துக் கொள்ள வேண்டும்.

தொழுகையில் நின்றபோது புளியமரத்துக்கு அப்பாலிருந்து அந்த ஓசை மெல்ல வந்தது. மனம் ஒரு கணம் அதன் பின்னே போனது. மறைப்பானேன்?

இஷாவுக்குப் பின் நண்பர் என்னைப் பெரியவரின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். ஓட்டு வீடு. வாசலில் கயிற்றுக் கட்டில். “வாங்க பாய், உட்காருங்க” என்று எழுந்து நின்றார். நாங்கள் எவ்வளவு சொல்லியும் கட்டிலில் எங்களோடு உட்காரவில்லை. திண்ணை விளிம்பில் ஒதுங்கி அமர்ந்தார். இந்த வாத்தியத்தை ஊதுகிறவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஊர் எங்கே உட்கார வைத்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. சாமிக்கு ஊதலாம், சாவுக்கு ஊதலாம், திண்ணையில் சமமாய் அமரலாகாது!

கொம்பைக் கழற்றிக் காட்டினார். இரண்டு வளைவுகளாகப் பிரிந்தது. பொருத்தும் விதத்தில் சூட்சுமம் இருக்கிறது. ஒரு விதமாகப் பொருத்தினால் பிறைபோல் வளைகிறது. ஒரு பாதியைத் திருப்பிப் பொருத்தினால் பாம்புபோல் நெளிகிறது. ஓசை ஒன்றேதான், தோற்றம் மட்டும் மாறுகிறது. கேரளத்தில், திருச்சூர்ப் பூரத்தில் வரிசையாக நிற்பவை பிறை வடிவக் கொம்புகள். நம் பக்கத்தில் நெளிந்த வடிவமும் அதிகம். விலங்கின் கொம்பிலிருந்து தோன்றிய கருவி, உலோகத்துக்கு மாறிய பிறகும் வளைவை விடவில்லை.

சுவரில் இன்னொரு கொம்பு தொங்கியது. வாயில் துணி சுற்றியிருந்தது.

“அது எங்கண்ணனுதுங்க பாய். போன வருசம் தவறிட்டாரு. கொம்புன்னா ரெண்டு வேணுங்க. நான் எறக்கறப்ப அவரு எடுக்கணும். மூச்சு அறுபடாது. இப்ப நான் மூச்சு வாங்குறப்ப ஊர்வலமே ஊமையாயிருது. ஒத்தைக் கொம்பு ஊதறது, வீட்ல ஒருத்தனா ஒக்காந்து பேசிக்கிற மாதிரிங்க.”

வாசகர்களே, இந்த ‘இரண்டு’ என்பதை அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கோ இரண்டு பழைய செய்திகள் ஒருசேர நினைவில் எழுந்தன. பேரரசர் அக்பரின் நக்காரா கானாவை அபுல் ஃபஸ்ல் தம் ஆயினே அக்பரியில் விவரிக்கிறார். பொன், வெள்ளி, பித்தளையில் செய்த ‘கர்ணா’ என்னும் நெடிய எக்காளங்கள், நான்குக்குக் குறையாமல் ஊதப்படும் என்கிறார். அவற்றோடு, பசுவின் கொம்பு வடிவில் பித்தளையால் ஆன ‘சீங்’ என்ற கருவியையும் சொல்கிறார். அதை இருவர் சேர்ந்தே ஊதுவார்களாம்! ஆக்ராவின் அரண்மனை வாயிலுக்கும் எருமப்பட்டித் திண்ணைக்கும் ஒரே வழக்கம்.

மற்றொன்று இன்னும் அருகில் உள்ளது. நாமக்கல்லிலிருந்து தெற்கே காவிரியைக் கடந்தால் கரூர். அங்குள்ள பசுபதீசுவரர் கோயிலில், கோனேரின்மைகொண்டான் என்ற பட்டம் பூண்ட கொங்கு மன்னனின் ஆணை கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. கம்மாளர்கள் தங்கள் வீட்டு நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக் கொள்ளலாம், பேரிகை கொட்டிக் கொள்ளலாம், வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்பது அந்த ஆணை. இவற்றுக்கெல்லாம் அரசாணை தேவைப்பட்ட காலம்! ஒற்றைச் சங்குக்கும் இரட்டைச் சங்குக்கும் இடையே ஒரு சமுதாயத்தின் மானமே அடங்கியிருந்தது. ஊதுகருவி என்பது இசைக்கு முன்னால் உரிமையைப் பற்றியதாக இந்நாட்டில் இருந்திருக்கிறது.

பெரியவரிடம் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “செருப்புக்குக் கூடவா?” என்று மட்டும் கேட்டார்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றியும் பேச்சு வந்தது. இப்பகுதியில் அவன் பெயர் அறியாதோர் இல்லை. ஆண்டுதோறும் ஆடியில் மலைமேல் அவனுக்கு அரசே விழா எடுக்கிறது. புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் அவனைக் காட்டில் சந்தித்த நிகழ்ச்சி வருகிறது. அங்கே பாணர் குழுவினர் முழவும் யாழும் ஆகுளியும் எடுத்து ஆயத்தமாகிறார்கள். அவற்றோடு ‘தூம்பு’ என்ற நெடிய ஊதுகருவியும் உண்டு. யானை மூச்சு விடுவது போன்ற ஓசை என்று புலவர் அதற்கு உவமை தருகிறார். மலைபடுகடாத்திலும் அதே கருவி, அதே உவமை. கல்லூரியில் படித்தபோது இதனை அணியிலக்கணம் என்று கடந்து போனேன். அன்று மாலை கேட்டபிறகு அதைவிடச் சரியான சொல் எனக்கும் கிடைக்கவில்லை. ஓரி கேட்ட தூம்பும் பெரியவரின் கொம்பும் ஒரே கருவிதான் என்று நான் வாதிடமாட்டேன். தூம்பு நேரானதாக இருந்திருக்கலாம். கொம்போடு ஊதப்படும் தாரையைப் போல. ஆனால் அதே மலையடிவாரத்தில் யானை மூச்சு இன்னமும் நின்றுபோகவில்லை.

உலகின் மிகப் பழைய எக்காளங்களில் இரண்டை வைத்திருக்கும் எகிப்தியர்களின் நிலை வேறு. தூத்தன்காமன் மன்னனின் கல்லறையிலிருந்து வெள்ளியில் ஒன்றும் வெண்கலத்தில் ஒன்றுமாக இரு எக்காளங்கள் கிடைத்தன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. 1939 ஏப்ரலில் பி.பி.சி. வானொலி அவற்றை ஊதச் செய்து உலகுக்கே ஒலிபரப்பியது. ஊதியவர் ஆங்கிலேய இராணுவ இசைக்குழுவைச் சேர்ந்தவர். கருவி கிடைத்தது, கற்றுக் கொடுக்க ஆள் இல்லை. பழைய மெட்டு என்னவென்று இனி எவரும் அறிய முடியாது. இதற்கு மாறாக, ஈரானின் மஷ்ஹத் நகரில் இமாம் ரிழா அவர்களின் அடக்கத்தலத்து நக்காரா கானாவில், சூரியன் எழும்போதும் மறையும்போதும் கர்ணா ஊதும் மரபு இன்றும் அறுபடவில்லை.

நம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களிலும் ஊதுகருவி வல்லவர்கள் தோன்றியதை மறந்துவிட வேண்டாம். ஆந்திரத்துக் கரவதியில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா நாகஸ்வரத்துக்காக 1998ஆம் ஆண்டின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். ஷெனாய் மேதை பிஸ்மில்லா கானுக்கு 2001இல் பாரத ரத்னா கிடைத்தது. அவ்விரு கருவிகளும் தெருவிலிருந்து மேடை ஏறிவிட்டன. கொம்பு இன்னும் தெருவிலேயே நிற்கிறது.

“உங்களுக்குப் பின் யார்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மகன் லாரி ஓட்டுகிறான். வடக்கே போனால் திரும்ப மாதமாகும். அவன் லாரியில் மூன்று குழல் வைத்த ஏர் ஹாரன் மாட்டியிருக்கிறானாம். “அவனும் ஊதறவந்தாங்க, வாயில ஊதலை, அவ்வளவுதான்” என்று சிரித்தார். சிரித்தபோது கவனித்தேன். கீழ்வரிசையில் பல் ஏதும் இல்லை. மேலே முன்பல் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. உதட்டுக்குப் பின்னே பல் அணைகொடுக்காவிட்டால் கொம்பு பேசாது. அந்த இரண்டும் போனால் எருமப்பட்டியில் கொம்பு ஓய்ந்துவிடும். “வெத்தலை போடறதைக்கூட விட்டுட்டேங்க, பல்லுக்காக” என்றார்.

அண்ணனின் கொம்பை எடுத்துத் துணியை அவிழ்த்து என் கையில் தந்தார். தயங்கினேன். நண்பர் தூண்டவே வாயில் வைத்து ஊதினேன். தோல் கிழிந்த துருத்தியைப் போல் வெறும் காற்று வந்தது. வீட்டுப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தன.

“எங்கள் மதரஸாப் பையன்களை அழைத்து வந்தால் காட்டுவீர்களா?” என்றேன்.

“ஞாயித்துக்கெழமை வரச் சொல்லுங்க பாய்.”

பெற்றோர்களிடம் அனுமதி கேட்டேன். இருவர் மறுத்தனர். அவர்களின் தயக்கத்தை மதித்தேன். ஒருவர், ஹஜ்ரத்துக்கு என்ன ஆயிற்று என்று மற்றவர்களிடம் கேட்டதாகப் பின்னர் அறிந்தேன். ஆறு சிறுவர்கள் வந்தார்கள். கேள்வி கேட்டவன் பேருந்தில் சன்னலோரம் வேண்டுமென்று அடம்பிடித்து, மலையைப் பார்த்துக்கொண்டே வந்தான். பெரியவர் வாசலில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்து வைத்திருந்தார். முதலில் தாம் ஊதிக் காட்டினார். ஆறு பேரும் ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு, ஒரே நேரத்தில் “இன்னொரு தடவை தாத்தா” என்றார்கள்.

அன்று அவர் திண்ணை விளிம்பில் உட்காரவில்லை. பிள்ளைகள் அவரைப் பாயின் நடுவே இழுத்துக்கொண்டார்கள்.

பின்பு அண்ணனின் கொம்பு ஒவ்வொருவர் வாயாகப் போனது. நால்வருக்குக் காற்றுதான். ஐந்தாவது பையனிடம் ஏதோ ஒரு முனகல். கேள்வி கேட்டவன் கடைசியாக வாங்கினான். கன்னம் உப்ப, கண் பிதுங்க ஊதினான். ஒன்றுமில்லை. நாவால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு மறுபடியும் ஊதினான். எருமைக் கன்று தாயைத் தேடிக் கத்தியது போல், குட்டையாக, கரகரப்பாக, ஆனால் உண்மையாகவே ஓர் ஒலி பிறந்தது. பையன் பயந்து கொம்பை விட்டுவிடப் பார்த்தான். பெரியவர் தாங்கிக்கொண்டார்.

அவன் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லி, விழுந்த பற்களின் இடத்தில் வெள்ளையாகத் தலைகாட்டிய நுனிகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“மொளைக்குது. ஆறு மாசம் போகட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க பாய்.”

கொம்பின் வாயில் துணியைச் சுற்றி, சுவரில் மாட்டினார்.